காசின் பக்கத்தில் அது கிடைத்த ஊரையும் எழுதி வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அண்மையில் கிளிநொச்சியில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்த நாணயக் கண்காட்சிக்கு, நாற்பது வருடங்களுக்கு மேலாகக் காசு சேர்த்துவருபவன் என்ற முறையில் இரண்டு நாட்களும் சென்றிருந்தேன். வன்னியில் இப்படியொரு கண்காட்சி நடப்பதே பெரிய விடயம் என்பதால், அதை முன்னின்று நடத்திய இளைஞர்களுக்கு முதலில் என் மனமார்ந்த நன்றி. இருந்தாலும், அங்கே கண்ட ஒரு குறை வீடு திரும்பிய பின்னும் என்னை உறங்கவிடாததால், தங்கள் பத்திரிகை வாயிலாக அதை வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

கூட்டம் நிறைந்திருந்தது. மாவட்டத்துக்கு ஒன்றாக 25 மாவட்டங்களுக்கும் 2013ஆம் ஆண்டு பொறித்து மத்திய வங்கி வெளியிட்ட பத்து ரூபாய்க் குற்றிகள் இருந்த மேசையைச் சுற்றிப் பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு, கிளிநொச்சி எது, முல்லைத்தீவு எது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். 1870ஆம் ஆண்டுச் செப்புச் சதத்தில் தமிழ் எழுத்தைக் கண்ட ஒரு சிறுமி, வெள்ளைக்காரன் காலத்திலேயே காசில் தமிழ் இருந்ததா என்று தகப்பனைக் கேட்டாள். அக்காலத்தில் புழங்கிய றிக்ஸ்டொலர் எனப்படும் 1821ஆம் ஆண்டு வெள்ளி இறைசால் ஒன்றும், 1909இல் தொடங்கிய சதுர ஐந்து சதமும், ஓரம் நெளிந்த 1944ஆம் ஆண்டு இரண்டு சதமும் நன்றாகவே அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவற்றைப் பற்றி எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை.

என் மனத்தாங்கல் அதற்கு அடுத்த மேசையில் தொடங்கியது. அங்கே ஒரு எவர்சில்வர் தட்டில் சிறு செப்புக் காசுகள் குவிந்து கிடந்தன. ஒன்றிரண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, படுத்திருக்கும் நந்தியும் அதன் கீழே ‘சேது’ என்ற தமிழ் எழுத்தும் தெரிந்தன. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் காசுகள் அவை. எங்கே கிடைத்தவை என்று கேட்டேன். “எல்லாம் இந்தப் பக்கந்தான் ஐயா, ஊரைக் கேட்டுக்கொண்டா வாங்கிறது?” என்றார் மேசைக்குப் பொறுப்பாக இருந்தவர். அவர் பொய் சொல்லவில்லை, யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை என்பதுதான் உண்மை. உரோமக் காசுகள் இருந்த மேசையிலும் இதே நிலைதான். ‘உரோம நாணயம், 4ஆம் நூற்றாண்டு’ என்று அட்டை எழுதியிருந்தார்களே தவிர, அது மன்னாருக்கு அருகே மாதோட்டம் என்றும் அழைக்கப்படும் பழைய மாந்தைத் துறைமுகத்து மண்ணில் கிடைத்ததா அல்லது வெளிநாட்டு வியாபாரியிடம் வாங்கியதா என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. மாந்தையில் கிடைத்திருந்தால் அது மாதோட்டத்து வணிகத்தின் சாட்சி; வெளிநாட்டில் வாங்கியிருந்தால் அது அழகான பழைய உலோகம், எங்கள் ஊரைப் பற்றி அது சொல்வதற்கு எதுவுமில்லை.

கிடைத்த இடத்தை நான் இவ்வளவு வற்புறுத்துவது ஏன் என்று சிலர் கேட்கக்கூடும். இந்தச் சேது நாணயங்களே அதற்கு விடை. ஒரு காலத்தில் இவை இராமநாதபுரத்துச் சேதுபதிகள் வெளியிட்டவை என்று கருதப்பட்டன. சேது என்ற பெயர் அந்த எண்ணத்துக்கு இடம் கொடுத்தது. பின்னர் இவை யாழ்ப்பாண அரசர்களுக்கே உரியவை என்று அறிஞர்கள் நிறுவியபோது, இலங்கையின் வடபகுதியில் இவை மிகுதியாகக் கிடைத்தன என்பது அவர்கள் கையிலிருந்த வலுவான சான்றுகளுள் ஒன்று. அன்று காசைக் கண்டெடுத்தவர்கள் இடத்தைச் சொல்லாமல் விட்டிருந்தால், அல்லது சொன்னதை யாரும் எழுதி வைக்காமல் விட்டிருந்தால், நம்முடைய அரசின் காசை இன்றும் நாம் வேறொருவருடையது என்றே படித்துக்கொண்டிருப்போம்.

இரண்டாம் நாள் பிற்பகல் ஒட்டுசுட்டான் பக்கமிருந்து வந்த ஒரு வயோதிப அம்மா, சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்த ஒரு செப்புக் காசை எடுத்துக் காட்டினார். அண்டா குண்டாவைப் போலப் புளி போட்டு மினுக்கியிருந்தபடியால் அது செம்பொன் நிறத்தில் பளபளத்தது. நூறாண்டுகளாகப் படிந்து செம்பைக் காத்த களிம்புத் தோல் முழுவதும் உரிந்துபோய், யானையின் துதிக்கையும் 1802 என்ற ஆண்டும் நிழல்போல மட்டும் எஞ்சியிருந்தன. பிரித்தானியர் இலங்கைக்கென அடித்த யானைக் காசு அது. மேசையிலிருந்தவர்கள் அதன் விலையை, தேய்ந்துவிட்டதால் குறைந்த விலையை, சொன்னார்கள். அவர் விற்பதற்கு வந்திருக்கவில்லை. “தம்பி, குளத்துக்குக் கீழ வாழைக்குக் கிடங்கு வெட்டேக்க வந்தது. பக்கத்தில ஓட்டுத் துண்டும் கிடந்தது, அதை எறிஞ்சுபோட்டம்” என்று என்னிடம் சொன்னார். எந்தக் குளம், எந்தப் பக்கம், எத்தனை முழ ஆழம், எந்த மழைக்குப் பிந்திய வெட்டு என்று நான் கேட்கக் கேட்க, ஒன்றுக்கும் தயங்காமல் பதில் சொன்னார். அந்த மண்டபத்தில் இரண்டு நாட்களிலும் நான் கேட்ட மிகப் பெறுமதியான வார்த்தைகள் அவைதாம். அவற்றை எழுதிக்கொள்ள அங்கே ஒரு தாள்கூட வைக்கப்பட்டிருக்கவில்லை. கண்காட்சி அறிவித்தலின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டேன்.

1802இல் அந்தக் காசு அச்சானது. அடுத்த ஆண்டு ஆவணியில் வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் பிரித்தானியர் வசமிருந்த முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். ஐப்பசி முடிவில் ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள கற்சிலைமடுவில் தோற்கடிக்கப்பட்டான். அம்மாவின் வாழைத் தோட்டத்துக் காசை அந்தப் போருடன் முடிச்சுப்போட நான் துணியமாட்டேன், ஏனெனில் அது பின்னர் எந்தச் சந்தை வழியாகவும் வந்து விழுந்திருக்கலாம். ஆனால் அதே காசு பத்து ஊர்களில் எந்தெந்தக் குளத்தின் கீழ், எந்தெந்த வழித்தடத்தை ஒட்டிக் கிடைத்தது என்று ஒரு பதிவு இருந்தால், அக்காலத்து வன்னியில் பணம் எந்தப் பாதையால் நடமாடியது என்பதை எங்கள் பிள்ளைகள் ஒரு நாள் வரைபடமாகவே வரைந்துவிடுவார்கள்.

இதை நான் என் சொந்த இழப்பிலிருந்தும் அறிந்தவன். 2009 தை மாதம் கண்டாவளையிலிருந்து வெளிக்கிட்டபோது, என் காசுகளைப் பால்மாப் பேணி இரண்டில் போட்டுக் கிணற்றடியில் புதைத்துவிட்டு, எந்தக் காசு எந்த ஊரில் யார் காணியில் கிடைத்தது என்று எழுதி வைத்திருந்த குறிப்புப் புத்தகத்தைப் பையில் எடுத்துக்கொண்டேன். புத்தகமே முக்கியம் என்று அன்றும் எனக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பை மாத்தளனுக்கு வருமுன்னரே போய்விட்டது. அடுத்த வருடம் திரும்பி வந்து தோண்டியபோது, பேணிகள் துருப்பிடித்துத் தூளாகியிருந்தனவே தவிர, காசுகளில் பெரும்பாலானவை அப்படியே இருந்தன. இன்று அவற்றை எடுத்துப் பார்க்கும்போது, நினைவில் நிற்கின்ற ஏழெட்டைத் தவிர மற்றவை எல்லாம் ஊமையாகவே கிடக்கின்றன. எனக்குக் காசு தந்தவர்களில் பலர் இப்போது உயிரோடு இல்லை. வன்னியில் இப்படிப் பறிபோன நினைவுகள் ஏராளம் என்பதால்தான், மிஞ்சியிருப்பவர்களின் வாயிலிருந்து வருவதையாவது இப்போதே எழுதிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுகிறேன்.

கண்காட்சி நடத்துவோரிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மேசையும், நல்ல கையெழுத்துள்ள இரண்டு உயர்தர வகுப்பு மாணவர்களும், ஒரு குறிப்பேடும், ஒரு தராசும், காசின் இரு பக்கத்தையும் படமெடுக்க ஒரு கைபேசியும் போதும். பார்வைக்கு வைக்கும் ஒவ்வொரு காசின் அட்டையிலும் கிடைத்த ஊருக்கென ஒரு வரி ஒதுக்குங்கள். தெரியாவிட்டால் ‘தெரியாது’ என்றே எழுதுங்கள். அந்த ஒரு சொல் அடுத்த முறை வாங்குபவரைக் கேள்வி கேட்கவைக்கும். பூநகரியில் மேலாய்வு செய்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துத் தொல்லியல் துறையினரையும் தொல்பொருள் திணைக்களத்தின் பிரதேச அலுவலரையும் அழைத்து அந்த மேசையில் உட்காரச் செய்தால் இன்னும் நல்லது.

சட்டத்தையும் சேகரிப்பாளர்கள் நாம் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்திய பொருட்களைத் தொல்பொருளாகவே கொள்கிறது. காணி என்னுடையது என்பதால் அதற்குள் கிடைத்த தொல்பொருளும் என்னுடையது என்று உரிமை கோர அது இடம் தரவில்லை. அனுமதிப்பத்திரமின்றி அவற்றைத் தேடித் தோண்டுவதும் குற்றமாகும். அதன்படி 1821ஆம் ஆண்டு இறைசால் இந்த எல்லைக்குள் வராது, அம்மாவின் யானைக் காசும் சேதுக் காசும் வரும். இரவில் உலோகங்காட்டிக் கருவியோடு குளக்கட்டு வழியே திரிபவர்களுக்கு நான் கூடுதலாகச் சொல்லக்கூடியது, வெடிபொருள் முற்றாக அகற்றப்படாத மண் இன்னும் இங்கே உண்டு என்பதே. தோட்டம் கொத்தும்போது தற்செயலாகக் கிடைத்தால், தேய்க்காமல், புளியோ சாம்பலோ போடாமல், மண்ணோடு ஒரு கடதாசி உறையில் இட்டு, கிடைத்த இடத்தையும் நாளையும் உறையின் மேல் எழுதி, உரிய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். மென்மையான PVC பிளாஸ்ரிக் பைகளில் வருடக்கணக்காக வைத்தால் செம்பில் பச்சைப் பிசின் பிடிக்கும் என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள்.

ஒட்டுசுட்டான் அம்மா சொன்னதைச் சுத்தமாகப் பிரதி பண்ணி, அவருடைய சம்மதத்தைக் கேட்டபின் உரிய திணைக்களத்துக்கு அனுப்ப வைத்திருக்கிறேன். அடுத்த கண்காட்சி எங்கே நடந்தாலும், வவுனியாவோ மன்னாரோ முல்லைத்தீவோ, ஏற்பாட்டாளர்கள் ஒரு சொல் அறிவித்தால், அந்தக் குறிப்பேட்டு மேசையில் காலையிலிருந்து மாலைவரை உட்கார நான் ஆயத்தமாக இருக்கிறேன். குறிப்பேட்டையும் நானே வாங்கி வருகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கண்டாவளை.