கார்ட்டரை மூன்று வரியில் முடித்துவிடாதீர்கள்: போட்டித் தேர்வு ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே, வணக்கம்.

என் அண்ணன் மகள் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். போன வாரம் அவள் சாப்பிட எழுந்துபோன நேரத்தில், மேசைமேல் விரிந்து கிடந்த குறிப்பேட்டைப் புரட்டினேன். எந்தப் பயிற்சி மையம் கொடுத்தது என்பது இங்கே வேண்டாம். அதில் ஜிம்மி கார்ட்டருக்கு மூன்று வரிகள்: அமெரிக்காவின் 39-ஆவது அதிபர், அணு விஞ்ஞானி, கேம்ப் டேவிட் 1978, நோபல் 2002. ஓரத்தில், வகுப்பில் சொல்லக் கேட்டு, அவள் பென்சிலால் எழுதிவைத்திருந்தாள்: 'தோற்ற அதிபர், நல்ல மனிதர்.'

இதில் ஒரு வரி தப்பு. பென்சில் வரி வெறும் சோம்பல். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன். அந்த மனிதரின் கடற்படை வாழ்க்கையை அப்படியே வெட்டி எறிந்துவிட்டீர்கள்.

கார்ட்டர் அணு விஞ்ஞானி அல்லர். ஜார்ஜியா மாநிலத்தில் பிளெய்ன்ஸ் என்ற சின்ன ஊரில் 1924-இல் பிறந்தவர். அப்பா கடலைச் சாகுபடியும் கடையும் வைத்திருந்தார். கடற்படையில் இருந்த மாமா ஊர் ஊராக அனுப்பிய அஞ்சலட்டைகளைப் பார்த்தே பையனுக்குக் கடல் பித்து. தட்டைப் பாதம் என்று கழித்துவிடுவார்களோ எனப் பயந்து, கோக்கோ கோலா பாட்டிலைத் தரையில் போட்டு அதன்மேல் பாதத்தை உருட்டி உருட்டிப் பழகியவர். 1946-இல் அன்னாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில் தேறி, பிறகு நீர்மூழ்கிக் கப்பல் அதிகாரியானார். பசிபிக் கடலில் ஓர் இரவு, மேல்தளத்தில் காவல் நின்றவரை ஓர் அலை தூக்கிக்கொண்டு போய், பின்னால் இருந்த பீரங்கிக் குழாயின்மேல் போட்டது. ஒரு பக்கம் விலகி விழுந்திருந்தால் உங்கள் குறிப்பேட்டில் 39-ஆவது அதிபராக வேறு யாரோ இருந்திருப்பார்.

1952-இல் அணுசக்தி நீர்மூழ்கித் திட்டத்துக்கு ஆள் எடுத்த ரிக்கோவர் என்ற கடுமையான அதிகாரி அவரை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வறுத்தெடுத்தார். கல்லூரியில் எத்தனையாவது இடம் என்று கேட்டார். 820 பேரில் 59 என்று கார்ட்டர் பெருமையோடு சொன்னார். உன்னால் முடிந்த அளவு முயன்றாயா என்பது அடுத்த கேள்வி. 'ஆம்' என்று வாயெடுத்தவர் யோசித்து, எப்போதும் அப்படிச் செய்யவில்லை என்று ஒப்புக்கொண்டார். ஏன் செய்யவில்லை என்று கேட்டுவிட்டு ரிக்கோவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். பதில் சொல்லத் தெரியாமல் எழுந்துவந்த கார்ட்டருக்கு வேலை கிடைத்தது; அந்தக் கேள்வியும் கூடவே ஒட்டிக்கொண்டது.

அந்த ஆண்டு டிசம்பரில் கனடாவின் சாக் ரிவர் ஆய்வு அணு உலையில் விபத்து நடந்தது. 'இளம் கார்ட்டர் உலை வெடிக்காமல் தடுத்தார்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதையை நம்பாதீர்கள். அவர் போனபோது விபத்து முடிந்துவிட்டது; கெட்டுப்போன உலையைக் கழற்றி எடுப்பதுதான் வேலை. அதுவும் லேசானதல்ல. கதிர்வீச்சின் கடுமையால் ஒருவர் சுமார் 90 விநாடிகள்தான் உள்ளே நிற்கலாம். அதனால் பக்கத்தில் ஒரு டென்னிஸ் மைதானத்தில் உலையின் மாதிரி ஒன்றை அமைத்தார்கள். எந்த போல்ட்டை எந்த ஸ்பேனரால் எத்தனை விநாடியில் கழற்றுவது என்று அங்கே ஒத்திகை பார்த்துவிட்டு, நிஜ உலைக்குள் ஓடி இறங்கிக் கழற்றிவிட்டு ஏறிவருவார்கள். உள்ளே ஒரு போல்ட் கழன்றால் மாதிரியிலும் அதே போல்ட்டைக் கழற்றிவிடுவார்கள், அடுத்து இறங்குபவர் குழம்பாமலிருக்க. குழுவை நடத்திப்போன 28 வயது அதிகாரியும் வரிசையில் நின்று இறங்கினார். பல மாதங்கள் அவருடைய சிறுநீரில் கதிரியக்கம் இருந்தது.

1953 ஜூலையில் அப்பா இறந்தார். மனைவி ரோசலின் எவ்வளவோ மறுத்தும் வேலையை விட்டு ஊருக்குத் திரும்பினார் கார்ட்டர். அமெரிக்காவின் முதல் அணுசக்தி நீர்மூழ்கி தண்ணீரில் இறங்கியது 1954 ஜனவரியில். ஆக, கடற்படையில் இருந்த காலத்தில் அவர் அணுசக்திக் கப்பலில் பயணித்ததே இல்லை. 'அணு விஞ்ஞானி' என்ற வரியை எந்தக் கணக்கில் எழுதினீர்கள்?

இனி அந்தப் பென்சில் வரிக்கு வருகிறேன். அதிபரான பிறகும் அவர் அந்த ஒத்திகை மைதானத்தை விட்டு வெளியே வரவில்லை என்பது என் எண்ணம். 1979-இல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டு அணு உலையில் விபத்து நடந்த நான்காம் நாள், காலணிக்குமேல் மஞ்சள் உறை மாட்டிக்கொண்டு கட்டுப்பாட்டு அறைக்குள் நடந்தார். அதிபரின் ஓய்விடமான கேம்ப் டேவிட்டில் 13 நாட்கள், எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் நடுவே ஒப்பந்த வரைவுகளைத் தானே கையால் எழுதி, அடித்து, திருத்தி எழுதினார். இஸ்ரேல் பிரதமர் பெகின் மூட்டையைக் கட்டத் தயாரானபோது, கையெழுத்து கேட்டிருந்த புகைப்படங்களில் பெகினின் பேரக்குழந்தைகள் ஒவ்வொருவரின் பெயரையும் எழுதி எடுத்துப் போனார். ஒவ்வொரு பெயராகப் படித்த பெகினின் கண் கலங்கியது. ஒவ்வொரு போல்ட்டுக்கும் கணக்கு வைத்துப் பழகிய மனிதருக்குத்தான் இது தோன்றும்.

அதே குணம் அவரைக் கவிழ்க்கவும் செய்தது. வெள்ளை மாளிகை டென்னிஸ் மைதானத்தை யார் எப்போது பயன்படுத்தலாம் என்பதைக்கூட அதிபரே பார்த்தார் என்று, அவருக்கு உரை எழுதிக்கொடுத்துவந்தவரே வெளியே போய் எழுதினார். கார்ட்டர் அதை மறுத்தார். ஆனால் ஊர் நம்பியது. நம்பும்படிதான் அவர் இருந்தார்.

1980 ஏப்ரலில் ஈரானில் சிக்கிய அமெரிக்கப் பணயக்கைதிகளை மீட்க, நிமிட்ஸ் கப்பலிலிருந்து எட்டு ஹெலிகாப்டர்கள் புறப்பட்டன. குறைந்தது ஆறு வேண்டும் என்பது திட்டம். பாலைவனத்தில் தேறியவை ஐந்து. திரும்பும் நேரத்தில் விபத்து, எட்டு வீரர்கள் பலி. பணயக்கைதிகள் 52 பேரும் சிக்கி 444 நாட்கள் கழித்து, அடுத்த அதிபர் ரீகன் பதவியேற்ற சில நிமிடங்களில்தான் விடுதலையானார்கள். 2015-இல் செய்தியாளர்களிடம் கார்ட்டர், இன்னும் ஒரு ஹெலிகாப்டர் அனுப்பியிருக்கலாம் என்றார். பொறியாளரின் பதில். ஆனால் ஈரான் விவகாரம் ஓர் உதிரி பாகம் குறைந்ததால் வந்த சிக்கலா? 1977 டிசம்பர் 31 இரவு டெஹ்ரானில் மன்னர் ஷாவின் விருந்தில், ஈரானை நிலைத்தன்மையின் தீவு என்று புகழ்ந்தவர் இவர்தான். ஓராண்டு சற்றுக் கடந்ததும் ஷா நாட்டை விட்டே ஓடினார். கோபத்தோடு தெருவில் நிற்கும் கூட்டத்துக்கு மாதிரி கட்டி ஒத்திகை பார்க்க முடியாது.

அந்த விருந்துக்கு மறுநாள் அவர் வந்திறங்கியது டெல்லியில். ஹரியானாவில் அவர் போன கிராமம் கார்ட்டர்புரி ஆனது. அது உங்கள் வினாத்தாளில் வரும். அணுசக்தி விஷயத்தில் மொரார்ஜி தேசாய்க்கு சிநேகம் காட்டாத, மிகக் கறாரான ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று தம் வெளியுறவு அமைச்சரிடம் அவர் சொன்னது அங்கிருந்த ஒலிவாங்கியில் பதிவான கதை வராது. எனக்கென்னவோ இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது.

அவருடைய முறை முழுசாகப் பலித்தது பதவி போன பிறகுதான். நம் தாத்தாக்கள் நரம்புச் சிலந்தி என்று சொன்ன நோய் நினைவிருக்கிறதா? குளத்து நீரில் உள்ள கண்ணுக்கு எட்டாத பூச்சிகளோடு உள்ளே போய், சுமார் ஓராண்டு கழித்துக் கால் தோலைக் கிழித்துக்கொண்டு முழ நீளத்துக்கும் மேலான புழுவாக வெளியே வரும். அறுந்துவிடாமல் குச்சியில் நாள் கணக்கில் மெல்லச் சுற்றி எடுக்க வேண்டும். தடுப்பூசி இல்லை, மருந்தும் இல்லை. தண்ணீரைத் துணியில் வடிகட்டு, புண்ணோடு குளத்தில் இறங்காதே, ஒவ்வொரு நோயாளியையும் எண்ணு, அவ்வளவுதான் வழி. 1986-இல் கார்ட்டர் மையம் இதைக் கையில் எடுத்தபோது உலகில் ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் பேருக்கு நோய். இந்தியாவின் கடைசி நோயாளி 1996-இல். 1995-இல் இந்தப் புழுவுக்காகச் சூடான் உள்நாட்டுப் போரையே சில மாதங்கள் நிறுத்திவைத்தார் அவர். கடைசிப் புழு தனக்கு முன்னால் சாக வேண்டும் என்று ஆசைப்பட்டவர், 2024 டிசம்பர் 29 அன்று, 100 வயதில் இறந்தார். அந்த ஆண்டு உலகில் இந்த நோய் பதிவான மனிதர்கள் 15 பேர்.

அண்ணன் மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். "சித்தப்பா, இது தேர்வுக்கு வருமா?" என்று கேட்டாள். வராது என்றேன். பென்சில் வரியை அவளே அழித்துவிட்டாள்.

அச்சடித்த வரியை அழிப்பது உங்கள் கையில் இருக்கிறது. அடுத்த பதிப்பில் 'அணு விஞ்ஞானி' என்பதை எடுத்துவிட்டு 'நீர்மூழ்கிக் கப்பல் அதிகாரி' என்று போடுங்கள். கொஞ்சம் கூடுதலாக இடம் பிடிக்கும், மார்ஜினைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
குறிப்பேட்டைக் கேட்காமல் புரட்டிய ஒரு சித்தப்பா