ஒன்பதாவது எபிசோடை மறுபடி டப் செய்யுங்கள்

சீனத் தொடர்களைத் தமிழில் தரும் தளத்தின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். எந்தத் தொடரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். இன்றைய பெய்ஜிங் பெண் ஒருத்தி சிங் வம்சத்து அரண்மனையில் கண்விழிக்கும் அந்தச் சின்ன பட்ஜெட் தொடர்தான். மூன்று முறை புகார் எழுதினேன். மூன்று முறையும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரே பதில். அதனால்தான் இந்தத் திறந்த மடல்.

ஒன்பதாவது எபிசோடில், விஷம் வைத்தது யார் என்று தெரியாமல் நாயகி தவிக்கிறாள். ஒரு பணிப்பெண் அவள் காலில் விழுந்து அழுகிறாள். நாயகி சட்டென்று அதிர்ந்து நின்று, "நீயும் என் காலத்தவளா?" என்கிறாள். என்னோடு பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "இவளுக்கு எப்படிடி தெரிஞ்சுது?" என்று கேட்டார். எனக்கும் புரியவில்லை. சீன ஒலிக்கு மாற்றி மறுபடி பார்த்தேன்.

அதுவரை அந்தப் பெண் தன்னை 'நூபி' என்றே சொல்லிவந்தாள். அடிமைப் பெண் என்று பொருள். பதற்றத்தில் அந்த ஒரு இடத்தில் மட்டும் 'வோ' என்றுவிடுகிறாள். இன்றைய சீனர்கள் எல்லோரும் சொல்லும் சாதாரண 'நான்'. மொத்த மர்மமும் அவிழ்வது அந்த ஒரு சொல்லில்தான். உங்கள் தமிழிலோ அவள் முதல் எபிசோடிலிருந்தே 'நான்' என்றுதான் பேசுகிறாள்.

அந்த அரண்மனையில் ஒருவர் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறார் என்பதிலேயே அவருடைய இடம் தெரிந்துவிடும். 'ஜென்' என்று பேரரசர் மட்டுமே சொல்லலாம். கி.மு. 221இல் சீனாவை ஒன்றாக்கிய சின் ஷி ஹுவாங் அந்தச் சொல்லைத் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டார். அதற்கு முன் அது பொதுச் சொல். சிங் ஆட்சியில் பேரரசர் முன்னால், அவருடைய இனமான மஞ்சு இனத்து அதிகாரி தன்னை 'அடிமை' என்பார், பெரும்பான்மைச் சீனரான ஹான் இனத்து அதிகாரி 'அரச ஊழியன்' என்ற பொருள்பட வேறு சொல் சொல்வார்.

இது தமிழுக்கு வராத விஷயமா? நம் சரித்திர நாடகங்களில் சேவகன் 'அடியேன்' என்பான், மன்னன் 'யாம்' என்பான். எல்லோருக்கும் ஒரே 'நான்' என்பது ஆங்கிலத்தின் பழக்கம். நீங்கள் ஆங்கிலத்தைப் பார்த்துத்தான் தமிழாக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் இளவரசரை 'உங்கள் உயர்வே' என்று யார் கூப்பிடுவார்கள்? உதட்டசைவு பொருந்தாது என்றும் சொல்ல முடியாது. அந்தப் பெண் அந்தக் காட்சி முழுக்கத் தலை கவிழ்ந்தே இருக்கிறாள்.

மலிவான தொடர்தானே, இது போதும் என்று நினைத்தீர்களோ என்பதுதான் என் வருத்தம். ஒரே முற்றத்தைத் திரைச்சீலை மாற்றி மூன்று மாளிகைகளாகக் காட்டுகிறார்கள். அரசவை என்று பதினைந்து பேர் நிற்கிறார்கள். காட்டப் பணம் இல்லாததால்தான் எல்லாத் துப்பையும் வசனத்துக்குள் வைத்திருக்கிறார்கள். அந்த வசனத்தையும் நீங்கள் எடுத்துவிட்டால் அவர்களிடம் என்ன மிஞ்சும்? அப்புறம், தமிழில் எழுதியவர் பெயரும் குரல் கொடுத்தவர்கள் பெயரும் எங்குமே இல்லை. அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. எவ்வளவு அவசரப்படுத்தப்பட்டார்களோ, எவ்வளவு கொடுத்தீர்களோ. சந்தா மட்டும் மாதம் தவறாமல் எடுத்துக்கொள்கிறீர்கள்.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். ஒன்பதாவது எபிசோடை மறுபடி டப் செய்யுங்கள். 'நூபி' வரும் இடங்களில் 'அடியேன்' வரட்டும், அந்த ஓர் இடத்தில் மட்டும் 'நான்' வரட்டும். முடிந்தால் சீனம் தெரிந்த ஒருவரிடம் மற்ற எபிசோடுகளையும் ஒருமுறை காட்டுங்கள். தயவுசெய்து.

அம்மாவிடம் விடையை நான் இன்னும் சொல்லவில்லை. திருத்தி வந்த பிறகு அவரே கேட்டுக் கண்டுபிடிக்கட்டும் என்று பத்தாவது எபிசோடைத் தொடாமல் வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர் ஒருத்தி