பெல்ட்டா மின்சாரமா: உன் வண்டிக்கு அப்பா பார்த்த கணக்கு

அன்புள்ள கண்ணு,

உன் காருக்கு சூப்பர்சார்ஜர், அதாவது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி, பெல்ட்டில் ஓடுவதைப் போடலாமா மின்சாரத்தில் ஓடுவதைப் போடலாமா என்று கேட்டு நீ அனுப்பிய லிங்க் எல்லாம் பார்த்தேன். மின்சார சூப்பர்சார்ஜர் என்றால் பெல்ட் வேலை இல்லை, இன்ஜின் சக்தியைத் தின்னாது, வீட்டிலேயே மாட்டிவிடலாம் என்று எழுதியிருக்கிறார்கள். ஆயுசு பூரா மோட்டார் காயில் சுற்றியவனிடம் இதைக் காட்டினால் சும்மா இருப்பேனா, கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுமையாகப் படி.

முதலில் காற்றின் கணக்கு. உன் சுபாரு பிஆர்இசட் 2 லிட்டர் இன்ஜின். 6,000 ஆர்.பி.எம்.மில் அது நொடிக்கு ஏறக்குறைய 100 லிட்டர் காற்றை இழுக்கும். அதன்மேல் 7 பி.எஸ்.ஐ. பூஸ்ட், அதாவது கூடுதல் காற்றழுத்தம், ஏற்ற, கம்ப்ரசரில் வீணாகும் சூட்டையும் சேர்த்தால், 8 கிலோவாட் பக்கம் வேண்டும். நம் மாமா தோட்டத்துக் கிணற்றில் ஓடுகிறதே 10 எச்.பி. மோட்டார், அதைவிடக் கொஞ்சம் கூட. அந்த மோட்டார் மூன்று ஃபேஸில் 415 வோல்ட்டில் 14, 15 ஆம்பியர் இழுத்துக்கொண்டு நிம்மதியாக ஓடும். அதே சக்தியை 12 வோல்ட்டில் எடுக்கப் பார், 650 ஆம்பியரைத் தாண்டிவிடும். காரில் மின்சாரம் உண்டாக்கும் உன் ஆல்டர்னேட்டர் தருவதோ நூற்றுச் சொச்சம்தான்.

இங்கே ஒரு பையன் ஆன்லைனில் வாங்கிய மலிவு மின்சார சூப்பர்சார்ஜர் ஒன்றைக் கருகிப்போன காயிலோடு கடைக்குக் கொண்டு வந்தான். பிரித்துப் பார்த்தால் பிளாஸ்டிக் இறக்கை, மெல்லிசு வயர். புதிதாகச் சுற்றி ஓட்டி, காற்று வரும் வாயை உள்ளங்கையால் மூடினேன். கையைத் தள்ளவே இல்லை, இறக்கை உள்ளேயே வெட்டியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. 20 ஆம்பியர் இழுத்தாலும் 240 வாட்தான், ஒரு குதிரைசக்தியில் மூன்றில் ஒரு பங்கு. இன்ஜின் வேகமெடுத்தால் அது தள்ளுவதைவிட அதிகமாகக் காற்று கேட்கும், அப்போது இந்த ஃபேன் வழியில் ஒரு தடைதான். நூறு டாலர் ரகம் எதையும் தொடாதே.

அதற்காக மின்சார சூப்பர்சார்ஜரே பொய் என்று நான் சொல்லவில்லை. 2016இல் ஆடி எஸ்க்யூ7 டீசலில் நிஜமாகவே ஒன்று வந்தது. 48 வோல்ட், 7 கிலோவாட், கால் நொடிக்குள் வேகம் பிடிக்கும், 70,000 ஆர்.பி.எம். வரை சுற்றும். ஆனால் அது தனியாக வேலை செய்வதில்லை. இன்ஜின் புகையின் வேகத்தில் சுற்றிக் காற்றைத் தள்ளும் டர்போ இரண்டு இருக்கின்றன, அவை விழித்துக்கொள்ளும்வரை கீழ் வேகத்தில் தாங்கிப் பிடிப்பதுதான் இதன் வேலை, அப்புறம் ஒதுங்கிவிடும். எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு அது.

தனி பேட்டரியோடு வரும் 48 வோல்ட் கிட்டுகளையும் யோசித்துப் பார்த்தேன். நீ ஓட்டுவது ரேஸ் டிராக்கில் இல்லை, ரோட்டில். ஃப்ரீவேயில் சேரும்போது முழு ஆக்ஸிலேட்டர் பத்து நொடி மிதிப்பாயா? 8 கிலோவாட் பத்து நொடி என்றால் 22 வாட்-அவர், ஒரு யூனிட்டில் 45இல் ஒரு பங்குதான்! ஆகவே மொத்தத்தில் செலவாகும் மின்சாரம் ஒன்றும் பெரிசில்லை, அத்தனை ஆம்பியரையும் ஒரே மூச்சில் தருவதுதான் பாடு. அதற்கு நல்ல பேட்டரி, தடித்த கேபிள், கன்ட்ரோலர் எல்லாம் வேண்டும், வாங்கிப் போட்டால் விலை பெல்ட் கிட்டை நெருங்கிவிடும். சான்டா குரூஸ் போகும் ஹைவே 17இல் மேடு ஏறிக்கொண்டே திரும்பத் திரும்ப மிதித்தால் பேட்டரி இறங்கும், மோட்டார் சூடாகும், கன்ட்ரோலர் பூஸ்டைக் குறைத்துவிடும். ஒரு லாரியைத் தாண்டும்போது இருந்த இழுவை அடுத்த லாரிக்கு இல்லையென்றால் என்ன செய்வாய்? எனக்கு அதுதான் பயம். இன்ஜின் சக்தியைத் தின்னாது என்பதும் சரியில்லை, செலவான மின்சாரத்தைத் திரும்ப நிரப்பும் ஆல்டர்னேட்டரும் அதே இன்ஜினின் பெல்ட்டில்தானே சுற்றுகிறது.

பெல்ட் ரகம் இன்ஜினின் கிராங்க் தண்டிலிருந்து சக்தியை நேராக எடுத்துக்கொள்ளும், இன்ஜின் சுற்றும்வரை பூஸ்ட் இருக்கும். அதிலும் இரண்டு வகை இருக்கிறது. விசிறி மாதிரி சுழன்று காற்றை வெளியே வீசும் சென்ட்ரிஃபியூகலில் பூஸ்ட் கிட்டத்தட்ட வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், 7,400இல் 7 பி.எஸ்.ஐ. தருவது 3,000இல் ஒரு பி.எஸ்.ஐ.க்குச் சற்று மேலேதான் தரும். ரூட்ஸ், ட்வின் ஸ்க்ரூ என்று இரண்டு உருளைகள் சேர்ந்து சுற்றிக் காற்றைத் தள்ளும் வகை கீழ் வேகத்திலேயே தள்ள ஆரம்பித்துவிடும். ரூட்ஸ் ஒன்றும் புதிதில்லை, 1860இல் இண்டியானாவில் ரூட்ஸ் சகோதரர்கள் பேடன்ட் எடுத்தது, நம்மூர் ஃபவுண்டரிகளில் நான் பார்த்து வளர்ந்த ப்ளோயரும் அதே தத்துவம்தான். உன் வண்டியில் 3,000க்கும் 4,500க்கும் நடுவில் டார்க் (இழுவிசை) தொய்கிறது, நீ சொல்லும் குறையே அதுதான், ஆகவே ரோட்டுக்கு இந்த வகைதான் உனக்குச் சரி. சும்மா போகும்போது பைபாஸ் வால்வு திறந்து காற்றை அழுத்தாமல் சுற்றிவிடுவதால் பெட்ரோலும் அவ்வளவாகக் கூடாது.

ஆனால் உன் இன்ஜினின் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் விகிதம், 12.5க்கு 1, ஏற்கெனவே அதிகம். கலிஃபோர்னியாவில் கிடைக்கும் 91 ஆக்டேன் பெட்ரோலில் பேராசைப்பட்டு, பூஸ்டைக் கூட்ட சூப்பர்சார்ஜரின் புல்லியைச் சின்னதாக்கினால் நாக்கிங் (பெட்ரோல் தாறுமாறாக வெடிப்பது) வந்து பிஸ்டன் போய்விடும். கிட்டோடு வரும் டியூனிங்கை யாரையும் கைவைக்க விடாதே. அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இல்லாத கிட் வேண்டவே வேண்டாம். பெல்ட்டோ மின்சாரமோ, கலிஃபோர்னியாவின் காற்று மாசு வாரியமான கார்ப் (CARB) தரும் இ.ஓ. என்ற அனுமதி எண் கட்டாயம் இருக்க வேண்டும். உன் வண்டி 2016 மாடல், எட்டு வருடம் தாண்டிவிட்டது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் ஸ்மாக் செக் என்ற புகைச் சோதனையில் பானெட்டைத் திறந்து அந்த எண்ணைத்தான் தேடுவார்கள். இன்ஷூரன்ஸ்காரரிடமும் சொல்லிவிடு.

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒன்று செய்து பார். ஃப்ரீவேயில் சேரும்போது நான்காவது கியரில் மிதிக்காமல் மூன்றாவதுக்கு இறக்கி, முள்ளை 5,000க்கு மேல் வைத்து ஓட்டு. அதிலேயே திருப்தி என்றால் அந்தப் பணத்தில் நல்ல டயரும் பிரேக் பேடும் போட்டுக்கொள், எனக்கும் நிம்மதி. போதவில்லை என்றால் கிட்டின் பெயரும் இ.ஓ. எண்ணும் தெரிகிற மாதிரி படம் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். அம்மா ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடச் சொன்னாள், இங்கே காலை, உனக்கு சனி ராத்திரி.

அப்பா