செயலாளரின் ஆண்டறிக்கை: வெப்பப் பகுப்பாய்வு, மாதிரித் தயாரிப்பு, ஈரம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம் கூட்டங்களில் கருவியைவிட மாதிரித் தயாரிப்பைப் பற்றியே அதிகம் பேசினோம். அது சரியான முடிவு. சென்னையில் டிஎஸ்சி (சூடாக்கும்போது மாதிரி எடுக்கும், விடும் வெப்பத்தை அளக்கும் கருவி), டிஜிஏ (சூடாக்கும்போது எடை மாறுவதை அளக்கும் கருவி) ஓட்டுபவர்களுக்குக் காற்றிலுள்ள ஈரம்தான் முதல் எதிரி. இங்கே பெரும்பாலான மாதங்களில் பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 20 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கிறது. 5 டிகிரியில் தொடங்கும் ஓட்டத்துக்கு முதலில் செல்லை (கருவியில் மாதிரி வைக்கும் அறையை) மூடி, உலர் நைட்ரஜனை நிமிடத்துக்கு 50 மி.லி. வீதம் கால் மணி நேரம் ஓடவிட வேண்டும். குளிரூட்டியைப் போடுவது அதன் பிறகுதான். வரிசை மாறினால் செல்லில் நீர் படிந்து பேஸ்லைன் (வரைபடத்தின் அடிக்கோடு) வளைந்துவிடும். நீரே இல்லாத மாதிரியைப் பூஜ்யத்துக்குக் கீழிருந்து சூடாக்கும்போது 0 டிகிரியில் பீக் (வளைவில் முகடு) தெரிந்தால், செல்லில் படிந்த ஈரத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

காலிப்ரேஷனில் (கருவியின் அளவைச் சரிபார்ப்பதில்) இண்டியம் உலோகம் வழக்கம்போல: உருகுநிலை 156.6 டிகிரி, உருகும் வெப்பம் கிராமுக்கு சுமார் 28.5 ஜூல். ஆனால் சவ்வு லிப்பிட்டுகள் (உயிரணுச் சவ்வின் கொழுப்புகள்) 20 முதல் 60 டிகிரிக்குள் மாறுபவை. அதற்கு இண்டியம் ஒன்றே போதாது. 0 டிகிரியில் உருகும் தூய நீரையும் மூடிய பானில் (மாதிரி வைக்கும் சிறு உலோகக் கிண்ணத்தில்) வைத்து ஓட்ட வேண்டும். 29.8 டிகிரியில் உருகும் காலியம் உலோகம் கைக்கு எளிதாகத் தோன்றும். அலுமினியப் பானில் அதை வைக்கவே கூடாது. அலுமினியத்தை அரித்து சென்சார் வரை இறங்கிவிடும். மாதிரியை எந்த வேகத்தில் சூடாக்கப் போகிறோமோ அதே வேகத்தில்தான் காலிப்ரேஷனும் நடக்க வேண்டும்.

உறுப்பினர்கள் அதிகம் கேட்டது டிபிபிசி என்ற சவ்வு லிப்பிட்டைப் பற்றி. அதன் முதன்மை மாற்றம் (இறுகிய நிலையிலிருந்து நெகிழும் நிலைக்கு மாறுவது) 41 டிகிரியையொட்டி வரும், அதற்கு முன் வரும் சிறிய முன்மாற்றம் 35-ஐ ஒட்டி. இரண்டும் தனித்தனியே தெரிந்தால் தயாரிப்பு நன்றாக இருக்கிறது என்று பொருள். ஃப்ரீசரிலிருந்து எடுத்த குப்பி அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியைத் திறக்கக் கூடாது. நம் ஊர்க் காற்றில் குளிர்ந்த தூள் உடனே ஈரம் பிடிக்கும். எடை அங்கேயே தவறிவிடும். கண்ணாடிக் குழாயில் குளோரோஃபார்மில் கரைத்து, நைட்ரஜன் ஊதி மெல்லிய படலமாக்கி, இரவு முழுவதும் வெற்றிடத்தில் வைக்க வேண்டும். குளோரோஃபார்ம் சிறிது தங்கினாலும் பீக் அகன்று கீழிறங்கும். பிறகு 50 டிகிரிக்கு மேல் சூடாக்கிய பஃபரை (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசலை) ஊற்றி, அதே சூட்டில் வோர்டெக்ஸ் செய்து (சுழற்றிக் கலக்கி), பலமுறை உறையவைத்து உருக்க வேண்டும். 41-க்குக் கீழே நீரேற்றினால் லிப்பிட் முழுதாக நனையாது. சோனிகேட் செய்வதும் (மீயொலியால் உடைப்பதும்) கூடாது. அதனால் உண்டாகும் மிகச் சிறிய வெசிக்கிள்களில் (லிப்பிட் குமிழிகளில்) மாற்றம் அகன்று சில டிகிரி தாழ்ந்துவிடும்.

பானில் 20 மைக்ரோலிட்டருக்குள் 1 முதல் 2 மி.கி. லிப்பிட் இருக்க வேண்டும். ஒப்பீட்டுப் பானில் அதே அளவு பஃபர். நிமிடத்துக்கு 1 அல்லது 2 டிகிரி போதும், 10 டிகிரி வேகத்தில் முன்மாற்றம் கரைந்து போகும். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் பானை எடை போடுங்கள். எடை குறைந்திருந்தால் மூடி கசிந்திருக்கிறது, அந்த வளைவைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இரண்டாவது, மூன்றாவது சூடாக்கல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால் மட்டுமே எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். கொலஸ்ட்ரால் சேர்க்கும்போது முதலில் மறைவது முன்மாற்றம். அளவு கூடக்கூட முதன்மைப் பீக் தட்டையாகி, மோல் கணக்கில் பாதியை நெருங்கும்போது ஏறக்குறைய இல்லாமலே போகும்.

தோலின் முக்கியப் புரதமான கொலாஜனில் நிலைமை வேறு. அதன் உருக்குலைவு மீளாதது என்பதால் முதல் ஓட்டம் மட்டுமே பேசும். 1954-இல் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜனின் மூவிழை அமைப்பை முன்வைத்தது நம் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்துதான். தோல் ஆய்வு வேரூன்றிய இந்த ஊரில் இந்தச் சோதனையைச் சரியாகச் செய்வது நம் கடமை. பதனிடாத ஈரத்தோல் 60 முதல் 65 டிகிரியில் சுருங்கும். நன்கு குரோம் பதனிட்டது 100-ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் சாதாரண அலுமினிய மூடி நீராவி அழுத்தத்தில் வெடிக்கக்கூடும். உயரழுத்த ஸ்டீல் பான்தான் பாதுகாப்பு. துண்டை இரவெல்லாம் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மேல் நீரை ஒற்றி எடுத்து, உடனே மூட வேண்டும். உலர்ந்த துண்டில் அதே மாற்றம் 100-க்கு வெகு மேலே போய்விடும்.

பாலிமர் பிரிவில் சுருக்கமாக: எந்தப் புதுப்பொருளுக்கும் முதலில் டிஜிஏ, பிறகே டிஎஸ்சி. சிதைவு தொடங்கும் சூடு தெரியாமல் ஓட்டினால் செல் பாழாகும். டிஜிஏவைச் சரிபார்க்கக் கால்சியம் ஆக்சலேட் மோனோஹைட்ரேட் போதும்: சூட்டில் எடை இழப்பு வரிசையாக நீர் 12.3, கார்பன் மோனாக்சைடு 19.2, கார்பன் டை ஆக்சைடு 30.1 சதவீதம். நைலானை உலர்த்தாமல் வைத்தால், நீர் வெளியேறும் அகன்ற பள்ளம் கண்ணாடி மாற்றத்தை (இறுகிய பாலிமர் நெகிழத் தொடங்குவதை) மூடிவிடும்.

செயற்குழு ஒரு தீர்மானத்தை முன்வைக்கிறது. உறுப்பினர் பகிரும் ஒவ்வொரு வளைவிலும் மாதிரி எடை, பான் வகை, வாயு, வேகம், எத்தனையாவது சூடாக்கல், காலிப்ரேஷன் தேதி ஆகியவை இருக்க வேண்டும். அடுத்த ஆண்டு ஒரே குப்பி டிபிபிசியைப் பங்கிட்டு, விருப்பமுள்ள ஆய்வகங்களில் ஓட்டி ஒப்பிடத் திட்டம். அறை ஈரப்பதத்தையும் எல்லோரும் குறித்துவர வேண்டும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த அறிக்கையை ஏற்று, தீர்மானத்தை நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
சென்னை