கொலம்பஸிலிருந்து அண்ணனுக்கு

கொலம்பஸ், ஒகையோ
2024 ஜனவரி 21

அன்புள்ள அண்ணனுக்குத் தம்பி எழுதிக்கொள்வது. நான் இங்கு சுகமாயிருக்கிறேன். அங்கு அம்மா, மதினி, பிள்ளைகள், தங்கச்சி அனைவரும் சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

கிறிஸ்துமஸ் அட்டையோடு நீங்கள் அனுப்பிய கடிதம் போன வாரம்தான் வந்து சேர்ந்தது. அம்மாவின் கண்புரை, வள்ளத்து இஞ்சின், தங்கச்சிக்கு வந்திருக்கும் சம்பந்தம் என்று எல்லாவற்றையும் எழுதிவிட்டு அடியில் தனியாக ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: “அமெரிக்காக்காரன் ஆடுவதைப் பார்க்க நீ மைதானத்துக்குப் போகிறாயாமே, மெஸ்ஸி ஓய்வெடுக்கப் போன இடம்தானே அது?” இதற்கு ஃபோனில் பதில் சொல்லத் தொடங்கினால் பாதியிலேயே யாராவது ஃபோனை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஆகவே இதை நிதானமாக எழுதிவிட்டு வீட்டுக் காரியங்களுக்கு வருகிறேன்.

மேஜர் லீக் சாக்கர் என்ற இங்குள்ள பந்தாட்ட லீக்கின் மயாமி அணியில் மெஸ்ஸி சேர்ந்தது சென்ற ஜூலையில். முதல் ஆட்டத்திலேயே மெக்ஸிகோவின் குரூஸ் அசூல் அணிக்கு எதிராக 94 ஆவது நிமிடத்தில் ஃப்ரீ கிக்கில் கோல் போட்டதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அடுத்த மாதமே, இந்த லீக்கின் அணிகளும் மெக்ஸிகோ லீக்கின் அணிகளும் மோதும் லீக்ஸ் கோப்பையையும் அந்த அணிக்கு வாங்கிக் கொடுத்தார். ஆனால் அவர் வரும்போது மயாமி லீக்கின் அடிமட்டத்தில் கிடந்தது. அவர் வந்த பிறகும், லீக் சுற்றில் முன்னே வந்த அணிகள் கோப்பைக்காக மோதும் பிளே-ஆஃப் சுற்றுக்குள் அதனால் நுழைய முடியவில்லை. டிசம்பர் 9 ஆம் தேதி லீக்கின் கோப்பையைத் தூக்கியது நான் இருக்கும் இந்த ஊரின் அணியான கொலம்பஸ் க்ரூ. மெஸ்ஸியை மட்டும் வைத்து இந்த லீக்கை எடைபோடுகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

தரத்தைப் பற்றி உங்களிடம் கூட்டிச் சொல்ல மாட்டேன். சனி, ஞாயிறுகளில் நீங்கள் பார்க்கும் இங்கிலாந்து லீக்கின் வேகம் இங்கு இல்லை. நடுக்களத்தில் ஆட்டம் சில நேரம் அறுந்துபோகும். தடுப்பில் பேக் ஆடுகிறவர்கள் பதறிப்போய்ப் பந்தைக் கொடுத்துவிடுவதும் உண்டு. அதற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு கிளப்பும் ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று லீக்கே உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2007 இல் இங்கிலாந்து ஆட்டக்காரர் பெக்காம் லாஸ் ஏஞ்சலஸ் அணிக்கு வந்தபோது அவருக்காக அந்த விதியில் ஒரு வாசல் திறந்தார்கள். இன்று ஓர் அணி மூன்று பேரை வரம்புக்கு மேல் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளலாம். மற்றவர்களை வரம்புக்குள் அடக்கித்தான் சேர்த்தாக வேண்டும். ஆகவே பதினொரு பேரில் மூவர் உயர்ந்து நிற்பதையும், அதே ஆட்டத்தில் கல்லூரி முடித்து வந்த ஒரு பையன் அவர்களோடு ஓட முடியாமல் திணறுவதையும் ஒரே நாளில் பார்க்கலாம். ஆனால் இதே விதியால்தான் ஒரே கிளப் ஆண்டுதோறும் கோப்பையை எடுத்துக்கொண்டு போகும் கதை இங்கு நடப்பதில்லை. பிப்ரவரியில் ஆட்டம் தொடங்கும்போது எந்த ஊர்க்காரனும் இந்த ஆண்டு நம்முடையது என்று நம்பலாம். அந்த நம்பிக்கைக்குத் தனி விறுவிறுப்பு உண்டு, அண்ணா.

என்னோடு வேலை பார்க்கும் கானா நாட்டு நண்பர், அன்று ஃபோனில் உங்களுக்கு வணக்கம் சொன்னாரே, அவர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். கடைசி இடத்துக்கு வந்தாலும் கீழ் லீக்குக்கு இறக்கப்படும் பயம் இல்லாத இடத்தில் உயிருள்ள ஆட்டம் எப்படி வரும் என்பது அவர் வாதம். இதில் அவர் பக்கம் நியாயம் இருப்பதாகவே எனக்கும் தோன்றுகிறது. பிளே-ஆஃப் வாய்ப்புப் போய்விட்ட அணிகளின் செப்டம்பர் ஆட்டங்களைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். நம் இந்தியன் சூப்பர் லீக்கான ஐ.எஸ்.எல்.லும் 2014 இல் இதே முறையில்தானே தொடங்கியது? ஆனாலும் இரவிபுத்தன்துறையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் அந்த லீக் வரை போய் ஆடியபோது, நம் கடற்கரையில் அந்தக் குறைக்காக யாரும் ஆட்டத்தைப் பார்க்காமல் இருக்கவில்லை.

எங்கள் வாதத்தைத் தீர்த்து வைக்கிறவர் எதிர்வீட்டுப் பெரியவர். பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் எதிரே வந்தால் தலையை மட்டும் அசைப்பார். பந்தாட்டத்தைத் தவிர வேறெதைப் பற்றியும் அவரிடம் இரண்டு வாக்கியம் கேட்க முடியாது. அவர் வீட்டு முகப்பில் பன்னிரண்டு மாதமும் கறுப்பும் மஞ்சளுமாக க்ரூவின் கொடி ஒன்று பறக்கிறது. ஒவ்வோர் ஆட்டத்தையும் யார் கோல் போட்டார், யார் பாஸ் கொடுத்தார், காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதுவரை கோடு போட்ட நோட்டுகளில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். அவருடைய மகன் டெக்சஸுக்குக் குடிபோய்விட்டதால் காலியாகிவிட்ட சீசன் டிக்கெட் இருக்கையில்தான் என்னை உட்கார வைக்கிறார். பணம் வாங்கிக்கொள்ள மறுக்கிறார். எனவே, மைதானத்துக்குப் போகச் செலவாகுமே என்று மதினி கேட்டிருந்ததற்கு, ஒன்றும் ஆவதில்லை என்று சொல்லிவிடுங்கள்.

1996 இல் ஆடத் தொடங்கிய இந்த லீக்கில் முதலில் கையெழுத்திட்ட கிளப் கொலம்பஸ்தான். அந்நாளில் ஆட்டம் சமனில் முடியக் கூடாது என்று கோலிலிருந்து 35 கெஜ தூரத்தில் பந்தை வைத்து ஒருவரை ஓடவிட்டு, கோல்கீப்பரோடு தனியே மோதவிட்டு முடிவெடுத்தார்களாம். கடிகாரத்தையும் பூஜ்யத்தை நோக்கிப் பின்னோக்கி ஓடவிட்டார்கள். அமெரிக்கர்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று செய்த அந்த மாற்றங்களைப் பந்தாட்டம் தெரிந்தவர்கள் வெறுத்தார்கள் என்கிறார் பெரியவர். சில ஆண்டுகளில் லீக்கும் அவற்றைக் கைவிட்டது. முதல் மூன்று ஆண்டுகள் பல்கலைக்கழகத்தின் பிரம்மாண்டமான அரங்கில், வேறு விளையாட்டுக்காகக் கட்டிய இருக்கைகளில், கூட்டம் சிதறி உட்கார்ந்திருக்கும். 1999 இல் இங்கே திறந்த மைதானம்தான் இந்த லீக்கின் அணி ஒன்றுக்காகப் பந்தாட்டத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் மைதானம். 2001 பிப்ரவரியில் மெக்ஸிகோவை உறைகுளிரில் அங்கே கூட்டி வந்து, உலகக்கோப்பைத் தகுதிச் சுற்றில் 2-0 என்று அமெரிக்கா வென்றது. அந்த இரவில் கையுறை போடாமல் கைதட்டிய கதையைப் பெரியவர் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

இந்த ஊர் ஜனங்கள்மேல் எனக்கு மரியாதை வரக் காரணம் 2017 இல் நடந்தது. அக்டோபரில் அப்போதைய உரிமையாளர் கிளப்பை டெக்சஸின் ஆஸ்டின் நகரத்துக்குக் கொண்டுபோகப் போவதாகச் செய்தி வந்தது. வேறு நாட்டில் கிளப் தோற்று இறங்கும். இங்கே மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டே போய்விடும். ரசிகர்கள் உட்கார்ந்து அழவில்லை. “சேவ் த க்ரூ”, அதாவது க்ரூவைக் காப்பாற்றுங்கள் என்று பலகை எழுதி வீட்டுக்கு வீடு நட்டார்கள், நகரமன்றத்துக்கு முன்னே திரண்டார்கள், சீசன் டிக்கெட் வாங்குவோம் என்று வாக்குறுதி திரட்டினார்கள். மக்கள் வரிப்பணத்தின் உதவி பெற்ற அணியைக் கொண்டுபோகுமுன் ஆறு மாத அறிவிப்புக் கொடுத்து, உள்ளூர்க்காரர்கள் வாங்க வாய்ப்புத் தர வேண்டும் என்று 1996 இல் ஒகையோவில் ஒரு சட்டம் வந்திருந்தது. இதே மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரம் தன் அமெரிக்க ஃபுட்பால் அணியைப் பால்டிமோருக்குப் பறிகொடுத்த வேதனையில் பிறந்த சட்டம் அது. அதை எடுத்துக்கொண்டு மாநிலமும் நகரமும் வழக்குத் தொடுத்தன. கடைசியில் கிளப்பின் பழைய மருத்துவர் ஒருவரும், கிளீவ்லாந்தில் இன்றிருக்கும் ஃபுட்பால் அணியின் உரிமையாளர் குடும்பமும் சேர்ந்து க்ரூவை வாங்கிக்கொள்ள, 2019 தொடக்கத்தில் அணி இந்த ஊருக்கே என்று உறுதியானது. மறு ஆண்டே கோப்பை வென்றார்கள். 2021 இல் ஊரின் நடுவே இருபதாயிரம் பேர் அமரும் புது மைதானம் வந்தது. வடக்குக் கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்பவர்கள் தொண்ணூறு நிமிடமும் உட்காராமல் முரசடித்துப் பாடுவதை நீங்கள் ஒருமுறை கேட்டால், இங்கே ஆட்டத்தில் உயிர் இல்லை என்று சொல்ல மாட்டீர்கள். தொலைக்காட்சியில் ஆட்டத்தின் தரம் தெரியும், அண்ணா. இழக்க இருந்த ஒன்றை மீட்டுக்கொண்டவர்கள் பாடும் சத்தம் அதில் முழுதாக வராது.

இனி சென்ற டிசம்பர். அரையிறுதியில் பக்கத்து ஊர்ப் பகையாளியான சின்சினாட்டியை அவர்கள் மைதானத்திலேயே சந்தித்தோம். லீக் சுற்றில் முதலிடம் பிடித்த அணி. பாதி ஆட்டத்தில் அவர்கள் 2-0. பெரியவர் வீட்டுக் கூடத்தில் நாங்கள் மூவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். பெரியவரின் பென்சில் நோட்டின்மேல் அப்படியே கிடந்தது. பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று என்று சமன் செய்து, கூடுதல் நேரத்தில் ரமிரெஸ் மூன்றாவதையும் போட்டார். இறுதியாட்டம் எங்கள் மைதானத்தில், முந்தின ஆண்டுக் கோப்பை வென்ற லாஸ் ஏஞ்சலஸ் எஃப்.சி.யோடு. கொலம்பியாக்காரர் குச்சோ எர்னாண்டஸ் பெனால்டியில் ஒன்று போட்டார். அடுத்த சில நிமிடங்களில், பின்னாலிருந்து உயர்த்திக் கொடுத்த நீண்ட பந்தின் பின்னே யெபோவா ஓடிப்போய்க் கோல்கீப்பரைத் தாண்டி உள்ளே தள்ளினார். யெபோவா கானா நாட்டுக்காரர். ஆண்டு முழுதும் இந்த லீக்கைக் குறை சொன்ன என் நண்பர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, அவர்கள் பாஷையில் ஏதோ கத்திக்கொண்டு என்னைத் தூக்கிவிட்டார். 2-1 என்று ஆட்டம் முடிந்தது.

ஒரு விஷயம் உங்களுக்காகவே கவனித்து வைத்தேன். பயிற்சியாளர் வில்ஃப்ரீட் நான்சி பிரான்ஸ் நாட்டவர். அவருடைய பேக்குகள் பந்து வந்தவுடன் அடித்து விரட்டுவதில்லை. உள்ளங்காலைப் பந்தின்மேல் வைத்து அசையாமல் நிற்கிறார்கள். எதிராளி பொறுமை இழந்து பாய்ந்து வரும்வரை காத்திருந்து, அவன் விட்டுவந்த இடத்துக்குப் பந்தை அனுப்புகிறார்கள். முதலில் பார்க்கும்போது நமக்கு நெஞ்சு படபடக்கும். நீங்கள் ஸ்டாப்பர் பேக்காக ஆடிய நாளில் பங்குத்தந்தை உங்களை “பந்தை வெளியே அடி, வெளியே அடி” என்று கரையிலிருந்து கத்துவாரே, அப்போதும் நீங்கள் ஒரு நொடி பந்தை நிறுத்திப் பார்ப்பீர்கள். குளிரில் போர்வையைச் சுற்றிக்கொண்டு பந்தின்மேல் வைத்த அந்தப் பாதத்தை நான் பார்த்தபோது உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

குளிர் இந்த வாரம் மிகவும் கடுமை. வீட்டில் ஓர் அறையை மூடிவிட்டு ஒன்றை மட்டும் சூடாக்கிக்கொள்கிறேன். ஓர் ஆளுக்கு அது தாராளம். கானா நண்பர் அழைத்துப்போன ஆப்பிரிக்கக் கடையில் உறைய வைத்த மரச்சீனிக் கிழங்கு கிடைக்கிறது. ஞாயிறு பூசை முடிந்து வந்து அதை அவித்து, கடையில் கிடைக்கும் மீனை மதினி சொன்ன பக்குவத்தில் வைத்துப் பார்த்தேன். குடம்புளி இல்லாமல் அந்த ருசி வரவில்லை. சாலை முழுதும் பனி மூடியிருப்பதால் இரண்டு மூன்று நாளாக யாரிடமும் பேச வாய்ப்பில்லை. ஆட்டமும் பிப்ரவரி கடைசியில்தான் மீண்டும் தொடங்கும். மைதானத்தில் இருபதாயிரம் பேர் நடுவில் நின்று கத்திவிட்டு வந்த இரவுகளில் தூக்கம் நன்றாக வந்தது. இப்போது பெருநாள் ஆட்டத்துக்கு நம் மணல் மைதானத்தில் ட்யூப்லைட் கட்டும் பையன்களின் கூச்சல் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. உங்களோடு அந்த மணலில் ஓர் அந்திநேரம் நின்றால் போதும் என்றிருக்கிறது, அண்ணா.

சரி, வீட்டுக் காரியங்கள். அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சையைத் தவக்காலம் வரை தள்ள வேண்டாம். நாகர்கோவிலில் மூத்த மாமா பார்த்த அதே டாக்டரிடம் நாள் வாங்கிவிடுங்கள். அதற்கான பணத்தை அடுத்த மாத முதல் வாரத்தில் தனியாக அனுப்புகிறேன். இந்த மாதம் வந்த தொகை குறைவாக இருப்பதைப் பார்த்து அம்மா கவலைப்பட வேண்டாம். ஆண்டுத் தொடக்கத்தில் இங்கே கணக்குகள் இப்படித்தான் இருக்கும். என் ஒப்பந்தம் ஏப்ரலில் புதுப்பிக்க வேண்டியது. அது வழக்கமாக நடப்பதுதான்.

வள்ளத்து இஞ்சினுக்கு வட்டிக்கு வாங்க வேண்டாம். கூட்டுறவுச் சங்கத்தில் கேட்டுப் பாருங்கள். தாமதமானாலும் அதுவே நல்லது. பழைய இஞ்சினைக் குளச்சலில் ஒரு தரம் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்பாவின் தென்னந்தோப்பை விற்கலாம் என்று சித்தப்பா சொன்னதாக எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. தங்கச்சி கல்யாணத்துக்கு என்று அம்மா மனதில் வைத்திருக்கும் நிலம் அது. சம்பந்தக்காரர்கள் மே மாதத்தில் தேதி கேட்டால், ஆகஸ்டுக்குப் பிறகு என்று சொல்லுங்கள். அதற்குள் நான் வர வழி பார்க்கிறேன். பையனைப் பற்றி அவர்கள் ஊர்ப் பங்கில் விசாரித்தீர்களா என்பதையும், தங்கச்சிக்கு உண்மையிலேயே இஷ்டமா என்பதையும் மதினியை விட்டுக் கேட்டு எனக்கு எழுதுங்கள்.

மூத்தவனுக்குப் பூட்ஸ் வாங்கி வைத்திருக்கிறேன். கால் அளவு மாறியிருந்தால் காகிதத்தில் பாதத்தை வரைந்து அனுப்பச் சொல்லுங்கள். தோப்பின் பத்திர நகலும் வரி ரசீதும் எனக்குத் தேவை. பழைய டிரங்குப் பெட்டியில் அப்பாவின் மீனவர் அடையாள அட்டையோடு இருக்கும். இரண்டையும் ஒளிநகல் எடுத்து, சித்தப்பா அடுத்த முறை தோப்புப் பேச்சை எடுப்பதற்குள் எனக்கு அனுப்பிவிடுங்கள்.

அன்புள்ள தம்பி