கரிமூட்டையை அவிழ்த்த சாமிக்கும், எங்கள் தெருவுக்கு வந்து நின்ற எல்லோருக்கும்

வணக்கம்.

நேற்று ராத்திரி கரண்ட் வந்துவிட்டது. மோட்டார் ஓடுகிறது, மாடித் தொட்டி நிரம்புகிறது, அப்பாவின் இன்சுலின் பழையபடி ஃப்ரிட்ஜுக்குள் போய்விட்டது. மிக்ஜாம் புயல் சென்னை வேளச்சேரியை என்ன செய்தது என்று யாருக்கும் விவரிக்கத் தேவையில்லை. பட்ட பாட்டைவிடப் பக்கத்தில் வந்து நின்றவர்களைப் பற்றித்தான் எழுதத் தோன்றுகிறது. மனசில் இது சூடாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

முதல் நன்றி எங்கள் தெருமுனை இஸ்திரிக்கார அண்ணனுக்கு. கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டதிலிருந்து தெருவே அவரைச் சாமி என்றுதான் கூப்பிடுகிறது. பெயர் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் நானும் சாமி என்றே எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம். மழை விட்டிருந்தது, தெருவில் மட்டும் இடுப்பளவுத் தண்ணீர் அசையாமல் நின்றது. கரண்ட் போய் இரண்டு நாள் ஆகப்போகிற நேரம். புயல் வருகிறது என்று ஞாயிற்றுக்கிழமையே எல்லோரும் கொஞ்சம் சேர்த்தே சாமான் வாங்கி வைத்திருந்தோம். ஞாயிறு என்பதால் கறியும் அதில் அடக்கம். எந்த வீட்டு ஃப்ரீசரைக் கேட்டாலும் கோழி, ஆட்டுக்கறி. ஒரு வீட்டில் மசாலா தடவிய வஞ்சிரம். புது சிலிண்டர் எப்போது வரும் என்று சொல்ல ஆளில்லாததால், இருக்கிற கேஸ் பாலுக்கும் சோற்றுக்கும் மட்டும்தான் என்று முடிவு செய்திருந்தோம். தரைத்தள வீடுகளில் அடுப்பே தண்ணீருக்குள் கிடந்தது. இண்டக்‌ஷனை மட்டும் நம்பியிருந்த வீடுகளுக்கு அந்தக் கேஸும் இல்லை. எரிக்கலாம் என்றால் காய்ந்த குச்சி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

மூன்றாம் மாடி நர்ஸ் அக்கா எல்லா வீட்டுக் கறியையும் ஓர் இடத்துக்கு வரவழைத்து, கவர் கவராகப் பிரித்து விரலால் அழுத்திப் பார்த்தார். உள்ளே ஐஸ் இன்னும் நறநறவென்று தட்டுப்பட்டால் ஒரு பக்கம். தொளதொளவென்று வெதுவெதுப்பாகிவிட்டிருந்தால், கெட்ட வாடையே வராவிட்டாலும், குப்பைக்கு. நிறைய அடைத்த ஃப்ரீசரைத் திறக்காமல் வைத்திருந்தால் இரண்டு நாள் வரை தாங்கும், பாதி காலியாக இருந்தால் ஒரு நாள்தான் என்றார். சில வீடுகளில் முழுசாகத் தூக்கிப் போட வேண்டியிருந்தது. தேறியது எதுவும் அன்று ராத்திரியைத் தாண்டாது. சரி, எதை வைத்துச் சமைப்பது?

சாமி ஞாயிறு ராத்திரியிலிருந்து எங்கள் முதல் மாடிப் படிக்கட்டில்தான் தங்கியிருந்தார். அவர் குடும்பம் பள்ளிக்கூட முகாமில் இருந்தது. தள்ளுவண்டி தண்ணீரோடு போய்விட்டது. அதிலிருந்து அவர் இறக்கிக் காப்பாற்றியது எங்கள் துணி மூட்டைகள், பித்தளைப் பெட்டி, ஒரு சாக்கு கரி. எங்கள் துணியைத்தான் முதலில் மேலே ஏற்றியிருக்கிறார் என்பது பின்னால் தெரிந்தது. தண்ணீர் வடிந்ததும் தொழிலை மறுபடி தொடங்க அவருக்கு முதல் என்று மிஞ்சியது அந்தக் கரிச்சாக்குதான். அதைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே வந்து, "கரி இருக்கு சாமி, எல்லாத்தையும் மாடிக்கு எடுத்தாங்க" என்றார்.

விரதத்தில் இருப்பவர், கறிப் பக்கமே வரக்கூடாத நாட்கள். நர்ஸ் அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டே விட்டார். "நான் தொடமாட்டேன், துன்னமாட்டேன். நெருப்பு போட்டுக் கொடுக்கறேன். புள்ளைங்க ரெண்டு நாளா பிஸ்கெட்டே துன்னுதுங்க" என்றார்.

மொட்டைமாடி இருட்டாக இருக்கிறது, கொசு பிய்க்கிறது, ஹாலிலேயே ஒரு ஓரமாக வைத்துக்கொள்ளலாமே என்று ஒருவர் சொன்னார். வயசானவர்கள் படியேற வேண்டாமே என்ற நல்ல எண்ணம்தான். சாமி சாக்கைக் கீழே வைத்துவிட்டார். "மூடின ரூம்ல கரி போட்டா காலைல யாரும் எந்திரிக்க மாட்டோம். மாடின்னா போடறேன், இல்லன்னா வேணாம்." அத்தனை வருஷத்தில் அவர் குரல் அப்படிக் கறாராக வந்து நான் கேட்டதில்லை. கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது என்று நாமெல்லாம் பாடத்தில் படித்ததுதான். அந்த நேரத்தில் எங்கள் யாருக்கும் அது வாயில் வரவில்லை. மற்ற உதவியெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், இந்த ஒரு பேச்சுக்கே நாங்கள் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

அவர் நெருப்பு மூட்டிய விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். இஸ்திரிப் பெட்டியின் மூடியைத் திறந்து, அடியில் கொஞ்சம் தேங்காய் நார், மேலே பொடிக்கரி, நாருக்குள் ஒரு துண்டு கற்பூரம். பற்றிக்கொண்டதும் மூடிவிட்டு, பெட்டியைக் கைப்பிடியோடு தூக்கி, காற்று வரும் பக்கம் திரும்பி நின்று முன்னும் பின்னுமாக ஆட்டினார். பக்கவாட்டு ஓட்டைகளில் சிவப்பு எட்டிப் பார்த்தது. அந்தத் தணலைக் கொத்தனார் விட்டுப்போன இரும்புச் சட்டியில் கொட்டி, மேலே கரியை அடுக்கினார். ராமநாதபுரம் பக்கத்துச் சீமைக் கருவேலங்கரியாம், நின்று எரிந்தது.

முதல் சூட்டில் தரைத்தளத்துக் கைக்குழந்தைக்கு வெந்நீர். அடுத்து சாமிக்குத் தனிப் பாத்திரத்தில் கஞ்சி; நெருப்பில் கறி ஏறுவதற்கு முன்னால் அது இறங்கியாக வேண்டும் என்று நர்ஸ் அக்கா பிடிவாதமாக நின்றார். அப்புறம்தான் கறி. ஃப்ரிட்ஜின் கம்பித் தட்டை ஒரு பையன் உருவிக்கொண்டு வந்தான். அதில் முலாம் பூசியிருப்பார்கள், நெருப்பில் வைக்கக் கூடாது என்று எதிர்வீட்டு சார் திருப்பி அனுப்பினார். அப்பளம் சுடும் வலைகளை வீட்டுக்கு வீடு வாங்கிச் செங்கல் மேல் வரிசையாக வைத்தோம். தயிர் புளித்துப் பொங்கியிருந்ததால் எலுமிச்சை, மிளகாய்த்தூள், இஞ்சிபூண்டு, உப்பு மட்டும்.

சாமி தண்ணீர்த் தொட்டி ஓரமாக, புகை வராத பக்கம் நின்று கொண்டு சொல்லச் சொல்ல, காலேஜ் படிக்கிற பையன்கள் திருப்பிப் போட்டார்கள். கரி கொழுந்துவிட்டு எரியும்போதே ஒருவன் கோழியை வைக்கப் போனான். "இருங்க சாமி, நீறு பூக்கட்டும். இந்தச் சூட்டுல நான் துணியையே வைக்கமாட்டேன்" என்றார். அப்படியே காத்திருந்தோம். கரி மேல் வெள்ளையாகச் சாம்பல் படிந்ததும் சூடு ஒரே சீராக நின்றது. கொழுப்பு சொட்டிக் குபீரென்று பற்றினால் தணலை ஒரு பக்கமாக ஒதுக்கச் சொன்னார். கோழித் தொடையை எலும்பு வரை கீறிவிட்டுச் சுட்டோம். எலும்போரம் சிவப்பு தெரிந்ததெல்லாம் மறுபடி வலைக்குப் போனது. அந்தப் பரிசோதனை நர்ஸ் அக்காவுடையது. பச்சைக் கறியைத் தொட்ட கை வெந்த கறிப் பக்கம் வரக்கூடாது என்பதும் அவர் போட்ட சட்டம்.

எத்தனையோ ஹோட்டலில் சுட்ட கோழி சாப்பிட்டிருக்கிறேன். அன்றைக்கு எங்கள் மாடியில் பிள்ளைகள் சாப்பிட்டதைப் பார்த்தது போல ஒரு நிறைவு எனக்கு எப்போதும் கிடைத்ததில்லை. சாமி கஞ்சியோடு ஊறுகாய் வைத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்திருந்தார். கரிக்குக் காசு கொடுக்கப் போனோம். கையை மடக்கிக்கொண்டார். "ஐயப்பன் அன்னதானப் பிரபு. அவர் கணக்குல போவட்டும்."

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஃபைபர் படகோடு வந்து நோயாளிகளைத் தூக்கிப்போன மீனவத் தம்பிகள்; சுட்ட கறியைக் கட்டிக் கொடுத்தபோது பாதியைப் பக்கத்துத் தெருவுக்கு எடுத்துப் போனார்கள். காரை மேட்டில் நிறுத்தி அதன் பேட்டரியில் தெருவுக்கே போன் சார்ஜ் போட்டுக் கொடுத்தவர். இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்க மண்பானையில் தண்ணீர் நிரப்பி ஈரத்துணி சுற்றிக் கொடுத்த பாட்டி; 2015 வெள்ளத்தில் கற்றுக்கொண்டதாம். தண்ணீர் கலங்கலாக ஓடும்போதே பால் பாக்கெட்டைத் தலையில் சுமந்து வந்தவர்கள். வெளி மாவட்டங்களிலிருந்து வந்து எங்கள் சாக்கடையில் இறங்கிய துப்புரவுப் பணியாளர்கள். நனைந்த சட்டையோடு ராத்திரியெல்லாம் வேலை பார்த்த மின்வாரிய ஊழியர்கள். இன்னும் ஏன் கரண்ட் விடவில்லை என்று அவர்களிடம் சத்தம் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை: தெருவோர மின்சாரப் பில்லர் பெட்டி தண்ணீரில் நிற்கும்போது ஸ்விட்சைப் போட்டால், நடந்து போகிறவர் உயிர் போய்விடும். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, காயவைத்துச் சோதித்த பிறகே விட்டார்கள். அந்தத் தாமதத்துக்கும் சேர்த்தே நன்றி.

இது கடைசி வெள்ளமாக இருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. இந்தப் பக்கத்துத் தண்ணீரெல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்பில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்த்தான் கடலைப் பார்க்க வேண்டும். கடல் அதை ஏற்றுக்கொள்ள மறுத்தால் அது நம் வாசலில்தான் நிற்கும். அதனால் பேசி முடிவு செய்துவிட்டோம். ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி பிறப்பதற்குள் மாடி அறையில் இரண்டு சாக்கு கரி, ஓர் இரும்பு அடுப்பு, வலைகள், குடிதண்ணீர் கேன்கள் எல்லாம் வந்துவிட வேண்டும். பக்கத்துத் தெருவில் அடுப்பு மூழ்கிய வீடுகளுக்கும் அந்த அடுப்பு பொது.

சாமி, கடைசியாக உங்களுக்கு. புது வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது. இனி அது எங்கள் காம்பவுண்டுக்குள், படிக்கட்டுப் பக்கத்தில்தான் நிற்கும்; வாடகைப் பேச்சை எடுக்காதீர்கள். கரி இரண்டு சாக்கு இறக்கி வைத்திருக்கிறோம், இதையும் பிரபு கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். இருமுடி கட்டும் நாளை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அரிசி போட எல்லா வீட்டிலிருந்தும் வருகிறோம். நெய்த்தேங்காய்க்கு நெய் எங்கள் வீட்டிலிருந்து.