கெட்டிமேளத்துக்கு மட்டும்தானா நாங்கள்?

ஆசிரியருக்கு,

இசை கலையா, வெறும் பொழுதுபோக்கா என்று வாசகர்கள் மல்லுக்கட்டுவதைப் படித்தேன். காரைக்குடி வட்டாரத்தில் கல்யாணங்களுக்குத் தவில் வாசிக்கிறவன் நான். பொழுதுபோக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள், எனக்குச் சம்மதம். அதற்காகவாவது உட்கார்ந்து கேட்பீர்களே! எங்கள் பாடு அதற்கும் கீழே கிடக்கிறது.

சென்ற மாதம் ஒரு மணிவிழா. நாகஸ்வரக்காரர் கரகரப்பிரியா ராகத்தை எடுத்து, மேல் ஸ்தாயியில் நின்று, அவசரமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தார். நான் விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு கீர்த்தனைக்குக் காத்திருந்தேன். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பையன் வந்து, செண்டை மேளம் உள்ளே வருகிறது, நிறுத்துங்கள் என்றான். செண்டைக்காரர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர்களும் தோள் வலிக்கச் சுமந்து பிழைக்கிறவர்கள்தான். அதன்பின் புரோகிதர் கை காட்டினால் கெட்டிமேளம், மற்ற நேரம் சும்மா இருக்க வேண்டும். இதற்குக் கோயில்களில் இருக்கிற மின்சார மேளம் போதுமே. அது சாப்பாடும் கேட்காது.

வாழ்த்துரையில் மட்டும் குறைவில்லை. கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1943இல் தமிழ் இசைச் சங்கம் கண்டதைச் சொன்னார்கள். காரைக்குடி சகோதரர்களில் மூத்தவர் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசித்ததைச் சொன்னார்கள். பேசி முடிக்கும்வரை சத்தம் வேண்டாம் என்று எங்களிடம் சொல்லிவிட்டுத்தான் இத்தனையும்!

சினிமாப் பாட்டு கேட்டாலும் வாசிக்கிறோம். நல்ல மெட்டென்றால் கை தானாகத் துள்ளும். ஆனால் கேட்டவரே பல்லவி முடிவதற்குள் கைப்பேசியோடு வெளியே போய்விடுகிறார்.

என் அப்பாவும் தவில்காரர்தான். முற்றங்கள் வைத்துக் கட்டிய செட்டிநாட்டு வளவு வீடுகளில் முகப்பில் உட்கார்ந்து வாசித்தால் ஒலிபெருக்கி இல்லாமலே உள்ளே ரெண்டாங்கட்டு வரை கேட்குமாம். அங்கே காய் நறுக்கிக்கொண்டிருக்கும் ஆச்சி, ராத்திரி வாசித்த தோடியை இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லிப் பிள்ளைகளை அனுப்புவாராம். அந்த ஆச்சி ராகம் படித்தவரில்லை.

கல்யாண வீட்டாருக்கு ஒரு விண்ணப்பம். மாப்பிள்ளை அழைப்பு முடிந்து பந்தி தொடங்குமுன் அரை மணி நேரம் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு எங்களைக் கூடத்தில் உட்கார வையுங்கள். ஜெனரேட்டர் பக்கம் வேண்டாம். அந்த இரைச்சலில் சுருதிப்பெட்டி நாகஸ்வரக்காரர் காதிலேயே விழுவதில்லை.

தவில் கலைஞர் ஒருவர்,
குன்றக்குடி